நீலமலையில் ஒரு முரட்டுக் கட்டை

கோடை வெயில் தொடங்கிவிட்டால் நீலமலை ஏறுவோர் தொகைக்குக் கணக்கில்லை. உதகையின் மலர்க் கண்காட்சியையும், ஏரியில் ஓடும் படகுகளையும், 2,637 மீட்டர் உயர்ந்து நிற்கும் தொட்டபெட்டாவையும் கண்டு மீண்டவர்கள் சொல்லச் சொல்ல, கேட்போருக்கும் குளிர் எடுப்பதுண்டு. சென்ற மே மாதம் நானும் அம்மலையில் பத்து நாள்கள் தங்கியிருந்தேன். ஆனால் மலர்க் கண்காட்சியை நான் காணவில்லை, படகிலும் ஏறவில்லை. அந்தப் பத்து நாள்களும் என் கண்ணையும் கருத்தையும் கவர்ந்தது சாலையோரம் கிடந்த ஒரு மரக்கட்டைதான். அதை ஊரார் எவ்வாறு பிளந்து விறகாக்கினர் என்பதையே இங்கு எழுதப் போகிறேன். விறகு பிளப்பதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

என்னோடு குருமடத்தில் பயின்ற நண்பர் ஒருவர் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடைப்பட்ட பகுதியில் பணியாற்றுகிறார். அவருக்குக் கண்ணில் அறுவை மருத்துவம் செய்ய வேண்டியிருந்தது. பத்து நாள்களுக்குத் தம் சிற்றாலயத்தைக் கவனித்துக்கொள்ளுமாறு கேட்டிருந்தார். எனக்கும் அப்போது ஊரைவிட்டுச் சற்றே விலகியிருக்க வேண்டும் போலிருந்தது. அதற்குக் காரணம் உண்டு. எனக்குப் பழக்கமான அண்ணன் தம்பி இருவர், ஒரு வேலித் தகராற்றில் தொடங்கிய பகையை ஆறு ஆண்டுகளாக வளர்த்து வந்தனர். "இன்று இதை ஒரே மூச்சில் தீர்த்துவிடுவோம்" என்று நான் இருவரையும் ஓர் அறையில் எதிரெதிரே உட்கார வைத்து, கண்டிப்பாகப் பேசினேன். பேச்சு முடியுமுன்னரே இருவரும் எழுந்து போய்விட்டனர். அதுவரை ஒருவரோடு ஒருவர் பேசாதிருந்தவர்கள், அதன்பின் என்னோடும் பேசுவதை நிறுத்திக்கொண்டனர். அந்தச் சுமையோடுதான் நான் பேருந்து ஏறினேன்.

மேட்டுப்பாளையம் வரை சமவெளியின் புழுக்கம். அதைத் தாண்டிக் கல்லாற்றை நெருங்கியதும் பாக்குத் தோப்புகளின் நிழல் வந்து தழுவுகிறது. அங்கிருந்துதான் மலை இரயில் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் திறக்கப்பட்ட பாதை அது. 208 வளைவுகளும், 16 குகைகளும், 250 பாலங்களும் கொண்டது. நான் சென்றதோ பேருந்தில். பர்லியாற்றைக் கடந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறக் காது அடைத்தது, காற்றும் மாறியது. குன்னூரை நெருங்கும்போது, சிறு வயதில் சளி பிடித்த இரவுகளில் என் தாயார் நெற்றியில் தடவிவிடும் நீலகிரித் தைலத்தின் மணம் சன்னல் வழியே வந்தது.

நிமிர்ந்து நோக்கினேன். தேயிலைச் சரிவுகளுக்கு மேலே நெடுநெடுவென மரங்கள் நின்றன. பட்டை நீள நீளமாக உரிந்து தொங்க, உள்ளிருந்த அடிமரம் வெளுத்து வழவழவென்றிருந்தது. இலைகள் அரிவாள்போல் வளைந்து தொங்கின. இந்த இனத்து மரங்களைச் சமவெளியில் தைல மரம் என்கிறோம். மலையில் வாழ்வோர் கற்பூர மரம் என்கின்றனர்.

இம்மரம் அம்மலையில் பிறந்ததன்று. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கேயுள்ள தாஸ்மேனியாத் தீவும் அதனை ஒட்டிய நிலப்பகுதியுமே இதன் தாயகம். ஆங்கிலேயர் நீலமலையில் குடியேறிய பிறகு, அவர்களுடைய கணப்புகளுக்கும் சமையற்கட்டுகளுக்கும் விறகு தேவைப்பட்டது. பள்ளத்தாக்குகளில் இருந்த சோலைகளை வெட்டினார்கள். சோலை மரங்களோ குட்டையானவை, மிக மெதுவாக வளர்பவை. வெட்டிய வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆகவே விரைந்து வளரும் மரம் ஒன்றைத் தேடி, 1843-ஆம் ஆண்டில் இந்தக் கற்பூர மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். 1850-களில் விறகுக்கென்றே தோப்புகள் எழுந்தன. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் மரமாதலால் அது மலையெங்கும் பரவிவிட்டது. ஆக, நாம் அழகு என்று நிழற்படம் எடுத்துக்கொள்ளும் அந்த நெடுமரங்கள், அடுப்புக்காகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவை.

பின்னர் தேயிலைத் தொழிற்சாலைகள் பெருகின. ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்க ஏறத்தாழ நாலரை கிலோ பசுந்தழை வேண்டும். மிச்சமெல்லாம் நீர். அந்த நீரை வெப்பக் காற்றினால் போக்கியாக வேண்டும். அந்தக் காற்றைச் சூடாக்கும் உலைகளுக்கு இம்மலையில் நெடுங்காலமாக உணவு விறகுதான். நாம் காலையில் அருந்தும் ஒரு குவளைத் தேநீருக்குப் பின்னால் யாரோ ஒருவர் பிளந்த ஒரு விறகுத் துண்டு இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

என் நண்பரின் ஆலயத்துக்குக் கீழே, ஒரே வரிசையில் ஒன்பது வீடுகள். அங்கு வாழ்வோர் இலங்கையின் மலையகத்திலிருந்து திரும்பியவர்களும் அவர்தம் மக்களும். 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களில் பலருக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் தமிழக அரசு நீலமலையில் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வேறு பலர் உறவினரைத் தேடி, தாமாகவே மலையேறி, கிடைத்த தோட்டத்தில் கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்டனர். அந்த ஒன்பது வீட்டினரும் பெரும்பாலும் அப்படி வந்தவர்கள்.

நான் போய்ச் சேருவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், ஒரு கோடை மழையின்போது பெருங்காற்றில் கற்பூர மரம் ஒன்று வேரோடு சாய்ந்து, வழியை மறித்துக்கொண்டு கிடந்ததாம். மலைப்பகுதிகளில் நினைத்தபடி மரத்தில் கை வைத்துவிட முடியாது. மலைப்பகுதி மரங்களைக் காப்பதற்கென்றே 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நிலத்துக்கு உரியவர் முறைப்படி அனுமதி பெற்றார். மர வணிகர் வந்து, மோட்டார் ரம்பத்தால் அறுத்து, நேராயிருந்த நடுமரத்தையும் கிளைகளையும் லாரியில் ஏற்றிச் சென்றுவிட்டார். வேரை ஒட்டிப் பருத்திருந்த அடிமரத்தை ஐந்து முண்டுகளாகவும், கவைப் பகுதியை இரண்டு முண்டுகளாகவும் அறுத்துப் போட்டுவிட்டு, "இதைப் பிளக்கும் கூலிக்கு விறகே வாங்கிவிடலாம்" என்று கையை உதறிவிட்டார். நிலத்துக்கு உரியவர் நல்லவர். "பிளந்துகொள்ள முடிந்தவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒன்பது வீட்டாரிடமும் சொல்லிவிட்டார்.

அது சிறிய கொடையன்று. அவ்வீடுகளில் எரிவாயு அடுப்பு இருக்கிறது. சோறும் தேநீரும் அதில்தான். ஆனால் மார்கழிக் குளிரில் குழந்தைகளையும் முதியோரையும் குளிப்பாட்டும் வெந்நீருக்குச் சிலிண்டரைச் செலவிட அவர்களால் இயலாது. அதற்கு விறகுதான் வேண்டும். அந்த ஏழு முண்டுகளும் பிளந்தால், மார்கழி, தை இரு மாதங்களுக்கு ஒன்பது வீடுகளின் வெந்நீர்க் கவலை தீரும். பிளக்காவிட்டால் அவை சாலையோரத்தில் கிடந்து மட்கும்.

நான் சென்ற மறுநாள் அவ்வீட்டு இளைஞர் நால்வர் கோடாரியோடு இறங்கினர். முண்டு ஒவ்வொன்றும் மூன்றரை அடி குறுக்களவும் ஒன்றரை அடி உயரமும் கொண்டது. நானூறு கிலோவுக்குக் குறையாது. கட்டுமஸ்தான பிள்ளைகள், தயங்காமல் நடுமையத்தைக் குறிபார்த்து ஓங்கி அடித்தார்கள். கோடாரி இரண்டு விரற்கடை இறங்கி அப்படியே மாட்டிக்கொண்டது. அதைப் பிடுங்க ஒரு நாழிகை. மறுபடி அடித்தார்கள், மறுபடி மாட்டிக்கொண்டது. மாலைக்குள் ஒரு காம்பு முறிந்தது. ஒருவனுடைய மணிக்கட்டு வீங்கியது. முண்டின் முகம் முழுதும் கொத்திய வடு. ஒரு துண்டும் பெயரவில்லை.

அவர்கள் பட்ட பாட்டை வரிசையின் கடைசி வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு முதியவர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்தைக் கடந்தவர். மெலிந்த உடல். அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தந்தையோடு சேர்ந்து தொழிற்சாலைக்கு விறகு பிளந்தவர். 1972-இல் இங்கு வந்த பின்னரும் நாற்பது ஆண்டுகள் அதே தொழில் செய்தவர். அன்று மாலை அவரிடம் சென்று அமர்ந்தேன்.

"பெரியவரே, பிள்ளைகளுக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"இன்னைக்குச் சொன்னா ஏறாது, சாமி. கை நல்லா வலிக்கட்டும். நாளைக்கு அவங்களே கேப்பாங்க" என்றார்.

அவ்வாறே மறுநாள் காலையில் அவருடைய பேரனே வந்து, "தாத்தா, நீங்க வந்து பாருங்க" என்று அழைத்தான். முதியவர் உள்ளே சென்று, பழைய சாக்கு ஒன்றில் சுற்றி வைத்திருந்த கருவிகளை எடுத்துவந்தார். இரும்பு ஆப்புகள் மூன்று, உலர்ந்த வைரக்கட்டையில் செதுக்கிய மர ஆப்புகள் ஐந்து, ஒரு சம்மட்டி, ஒரு கைக்கோடாரி. சாக்கைப் பிரித்தபோது எண்ணெய் மணத்தது. தொழிலை விட்டுப் பத்தாண்டுக்கு மேலாகியும் ஓர் ஆப்பிலும் துருவில்லை.

வந்தவர் அடிக்கவில்லை. ஒரு குவளைத் தண்ணீர் வாங்கி, முண்டின் முகத்தில் ஊற்றி, மரத்தூளைக் கையால் துடைத்தார். அப்போதுதான் எங்களுக்கு அது தெரிந்தது. மையத்திலிருந்து வெளிநோக்கி, விண்மீன் வரைந்தாற்போல, மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன.

"மரம் தானாவே வாயைத் திறந்து வச்சிருக்கு பாருங்க, சாமி. அது காட்டுற எடத்தை விட்டுட்டு நாம வேற எடத்துல போய் மோதினா, யாருக்கு நஷ்டம்?"

இதன் காரணத்தை வாசகர்கள் அறிவது நலம். உயர்ந்து வளரும் கற்பூர மரத்தின் உள்ளே எப்போதும் ஓர் இழுபறி நடந்துகொண்டிருக்கிறது. வெளிப்புறத்து மரம் இழுபட்ட நிலையிலும், உட்புறத்து மரம் நெருக்குண்ட நிலையிலும் இருக்கும். காற்றிலே வளைந்து நிமிர்ந்து நிற்க அது உதவுகிறது. அறுத்தவுடன் அந்த இறுக்கம் அவிழ, முனைகளில் வெடிப்பு விழுகிறது. வெடிப்பு இருந்தும் மரம் ஏன் எளிதில் பிளவுபடவில்லை என்றால், அதன் இழைகள் நேராக ஓடுவதில்லை. சில ஆண்டுகள் வலப்புறமாகச் சுற்றி வளரும். அடுத்த சில ஆண்டுகள் இடப்புறமாகச் சுற்றி வளரும். ஒரு படலத்தின் மேல் மறு படலம் மாறுபட்டுக் கிடப்பதால், கூடை முடைந்தாற்போல் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஆகையால் நடுவில் விழும் அடி எல்லாப் படலங்களையும் ஒரே நேரத்தில் எதிர்த்து நிற்க வேண்டியதாகிறது. எங்கள் ஊர்ப் புளிய மரத்தின் தூரும் இப்படித்தான் முரண்டு பிடிக்கும். அதைப் பிளக்க வரும் ஆளுக்குச் சோற்றோடு கூலியும் கொடுக்க வேண்டும் என்று என் தந்தையார் சொல்லுவார்.

முதியவர் முண்டைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பட்டைக்கருகே, கணு இல்லாத ஓரிடத்தைக் காலால் தட்டிக் காட்டினார். "நடுவை மறந்துடுங்க. ஓரத்துல இருந்து நாலு விரல் கனம். வளையத்தோட போக்குலேயே பேத்து எடுங்க. வாகு பாத்து அடிக்கணும்."

பேரன் கோடாரியை அங்கே இறக்கினான். முதல் அடியில் ஒரு கீறல். இரண்டாவது அடி அதே கீறலில். மூன்றாவதில், பட்டையோடு கூடிய நீண்ட சிராய் ஒன்று கிழிந்து விழுந்தது. அதைக் கண்டதும் இளைஞர்கள் நால்வரும் சிரித்துவிட்டனர். முதல் நாள் முழுதும் பாடுபட்டுக் காணாததை மூன்று அடியில் கண்டுவிட்டார்கள்.

முண்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஓரங்களைப் பேர்த்தனர். வட்டமாயிருந்தது எண்கோணமாயிற்று, எண்கோணம் சதுரமாயிற்று. சதுரத்தில் மிஞ்சியது வைரம் பாய்ந்த நடுப்பகுதி. இப்போது முதியவர் இரும்பு ஆப்பை எடுத்தார். மிக நீண்ட வெடிப்பு எதுவோ அதன் வெளிமுனையில் அதை ஊன்றினார். ஈர மரத்தில் ஆப்பு வழுக்கித் துள்ளுமாதலால், அதன் பக்கங்களில் சிறிது மண்ணைத் தேய்த்துக்கொண்டார். சம்மட்டி விழுந்தது. முதல் ஆப்பு பாதி இறங்கியதும் அதே வெடிப்பில் சற்றுத் தள்ளி இரண்டாவது, அதன்பின் மூன்றாவது. மூன்றாவது இறங்கியதும் முதலாவது தானே தளர்ந்துவிட்டது. அந்த இடைவெளியில் மர ஆப்பைச் செருகிவிட்டு, இரும்பை எடுத்து முன்னே வைத்தார். ஓர் ஆப்பு திறந்து கொடுத்த வழியில்தான் அடுத்த ஆப்பு நுழைந்தது.

நான்காம் முறை சம்மட்டியை ஓங்கிய இளைஞனை அவர் கையமர்த்தினார்.

"நில்லுப்பா. இப்ப மரம் வேலை செய்யுது. கேளு."

எல்லாரும் மூச்சடக்கி நின்றோம். முண்டின் உள்ளிருந்து முறுக்கேறிய கயிறு நெகிழ்வது போன்ற ஓசை வந்தது. பிறகு ஒரு "டக்". பிறகு நெடிய ஒரு கிழிசல். யாரும் தொடாமலே வெடிப்பு ஒரு விரல் அகன்றது. உள்ளிருந்து கற்பூரத் தைலத்தின் மணம் குப்பென்று எழுந்து அந்த இடத்தையே நிறைத்தது.

இரு பாதிகளும் முற்றும் பிரியவில்லை. முறுக்கிய இழைகள் நாரைப்போல் இடையே இழுத்துப் பிடித்திருந்தன. ஒரு பையன் கையைவிட்டு அவற்றை இழுக்கப் போனான். முதியவர் சட்டென்று அவன் கையைத் தட்டிவிட்டார். "ஆப்பசைச்ச குரங்கு கதை படிச்சதில்லையா? கைக்கோடாரியால வெட்டுடா." நாம் சிறு வயதில் சிரித்துக்கொண்டே கேட்ட கதை, விறகுக் களத்தில் எத்துணை உண்மையான எச்சரிக்கை என்பது அப்போது விளங்கியது. அடிபட்டு அடிபட்டு ஆப்பின் தலை காளான்போல் விரிந்துவிட்டால் அதை அரத்தால் தேய்த்துவிட வேண்டும், இல்லையேல் இரும்புத் துணுக்கு தெறித்துக் கண்ணைப் போக்கிவிடும் என்பதையும் அவர் சொன்னார். அவர் கூறியதைக் கேட்டபோது, மரம் பிளப்பவனுக்கு நேரும் ஆபத்தையும், மழுங்கிய கருவியால் வீணாகும் வலிமையையும் சபை உரையாளர் நூல் பேசுவது நினைவுக்கு வந்தது. அதை எழுதியவரும் எங்கோ ஒரு விறகுக் களத்தின் ஓரம் நின்றிருப்பார் போலும்.

நானும் ஒரு முறை கோடாரியை வாங்கினேன். ஐம்பதைக் கடந்த உடம்பு. எழுதுகோல் பிடித்துப் பழகிய கை. ஓங்கி அடித்ததில் காம்பு விளிம்பில் பட்டு, தோள்வரை அதிர்ந்தது. இளைஞர்கள் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டனர். "கையை இறுக்கிப் பிடிக்காதீங்க, சாமி. நீங்க தூக்கினாப் போதும். எறங்கறதைக் கோடாரி பாத்துக்கும்" என்றார் முதியவர். ஐந்தாம் அடியில் எனக்கும் ஒரு சிராய் பெயர்ந்தது. உள்ளங்கையில் கொப்புளத்தோடு நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

ஆறு நாள்களில் ஆறு முண்டுகள் பிளந்தன. நாள்தோறும் மாலையில் பெண்களும் சிறுவர்களும் வந்து விறகைச் சுமந்து சென்றனர். பங்கிடுவதற்கு முதியவரிடம் ஒரு முறை இருந்தது. ஆண் துணையில்லாத வீட்டுக்கு முதற் குவியல். அடுத்து நோயாளி உள்ள வீட்டுக்கு. பிளந்தவர்களின் வீடுகளுக்குக் கடைசியில். அந்த வரிசையில் கணவனை இழந்த ஒரு தாய் இருந்தார். "நான் ஒண்ணும் பிளக்கலையே, மாமா" என்று அவர் தயங்கி நின்றபோது, "நீ கொண்டாந்த தேத்தண்ணியில தானம்மா கோடாரி ஓடுச்சு" என்றார் முதியவர். தோட்டத்து வழக்கம் அது என்று பின்னர் என்னிடம் கூறினார்.

இத்தனை அவசரமாகப் பிளப்பானேன், மார்கழி வரும்போது பார்த்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். அது கூடாதாம். கற்பூர மரம் ஈரத்தில்தான் ஓரளவேனும் இணங்கும்; முழுமுண்டாக உலர்ந்துவிட்டால் இரும்பாகிவிடும். மேலும், பச்சை மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீர். அதை அப்படியே அடுப்பில் வைத்தால், எரியும் வெப்பத்தில் ஒரு பகுதி அந்த நீரை ஆவியாக்கவே செலவாகும், புகையும் மிகும். அந்தப் புகையினால் கண்ணெரிச்சலும் நெஞ்சடைப்பும் அடைவோர் நம் தாய்மாரே. மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் இரு கழிகளின் மேல் அடுக்கி, மேலே தகரமிட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட்டு, ஆறு ஏழு மாதம் காயவிட வேண்டும். அப்போது எடையும் வெகுவாகக் குறையும்; இரண்டு துண்டுகளைத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். ஐப்பசி மழையைத் தாண்டி மார்கழியில் எரிய வேண்டிய விறகை வைகாசியிலேயே பிளந்தாக வேண்டும். விறகு அடுப்பு வைத்திருக்கும் குடும்பங்கள் இதை மனத்தில் கொள்வார்களாக.

ஒரு மாலை, அம்மலையில் அனைவரும் பேசிக்கொள்ளும் செய்தி ஒன்றைப் பற்றி முதியவரிடம் கேட்டேன். அயல்நாட்டு மரங்கள் பரவியதனால் மலையின் பழைய புல்வெளிகளும் சோலைகளும் அருகிவிட்டன. ஊற்றுகளும் குன்றிவிட்டன என்பது பலருடைய வருத்தம். அத்தகைய அயல் தாவரங்களை அகற்றி இயற்கைக் காடுகளை மீட்பதற்கெனத் தமிழக அரசு 2022-இல் ஒரு கொள்கையையே வெளியிட்டிருக்கிறது. வாழ்நாள் முழுதும் இம்மரத்தால் பிழைத்தவராயிற்றே, வருந்துவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் சிறிது நேரம் எதிர்ச்சரிவைப் பார்த்திருந்தார். "வெட்டட்டும், சாமி. நான் வந்தப்ப அந்தப் பள்ளத்துல வருசம் முழுக்கத் தண்ணி ஓடுச்சு. இப்ப மாசி வந்தாக் குடத்தைத் தூக்கிக்கிட்டு மேல ஏறணும். தண்ணி வேணும். ஆனா வெட்டுறவங்க ஒண்ணை யோசிக்கணும். இந்த ஒம்பது வீட்டுல வெந்நிக்கு என்ன வழின்னு சொல்லிட்டு வெட்டணும்."

இதைவிட நேர்மையான ஒரு சொல்லை இப்பொருள் குறித்து நான் கேட்டதில்லை. காடு வேண்டும் என்போரும் அடுப்பு எரிய வேண்டும் என்போரும் இரு கட்சியினர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்தத் திண்ணையில் இரண்டும் ஒரே மனிதரின் கவலையாக இருந்தன.

நான் புறப்படுவதற்கு முந்தின நாள், மீதமிருந்த ஏழாவது முண்டைச் சுற்றி அனைவரும் நின்றோம். அது கவை பிரியும் இடத்து முண்டு. இரு கிளைகளின் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எங்கே எது முடிகிறது என்று காண முடியாதபடி பின்னிக் கிடந்தன. இளைஞர்கள் இப்போது நம்பிக்கை மிகுந்தவர்கள். ஓரங்களைப் பேர்த்தார்கள், இயன்றவரை எடுத்தார்கள். நடுப்பகுதியில் முதியவர் ஆப்பை வைத்துப் பார்த்தார்; வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஆப்பை எடுத்துத் துடைத்துச் சாக்கில் வைத்துவிட்டார்.

"இது போதும். இதைப் பிளந்தா விறகை விடச் செலவான தெம்பு அதிகம். உருட்டிக்கிட்டுப் போய் வாசல்ல போடுங்க. உக்கார ஆகும்."

நால்வரும் அதை உருட்டிச் சென்று அவருடைய திண்ணைக்கு எதிரே நிறுத்தினர். முதலில் அதில் உட்கார்ந்தவன் நான்தான். கருவிச் சாக்கை முதியவர் உள்ளே கொண்டுபோகவில்லை. பேரனிடம் கொடுத்து, "எண்ணெய் போட்டு வை" என்று மட்டும் சொன்னார். அவன் இரு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டான்.

மலையிறங்கும்போது மேட்டுப்பாளையம் வரை என் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆறு ஆண்டுப் பகை ஒன்றின் நடுமையத்தைக் குறிபார்த்து நான் ஓங்கி அடித்ததும், கோடாரி அங்கேயே மாட்டிக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. ஆறு ஆண்டுகளில் அந்த இரு வீடுகளும் எந்தெந்தப் பக்கமாக முறுக்கேறி வளர்ந்திருக்கின்றன என்று நான் ஒருமுறையேனும் சுற்றி வந்து பார்த்ததில்லை.

ஊர் திரும்பிய பின் அந்த அண்ணனையும் நான் அழைக்கவில்லை; தம்பியையும் அழைக்கவில்லை. வேலியைப் பற்றி எவரிடமும் பேசவில்லை. அவர்களுடைய வயது முதிர்ந்த அத்தை ஒருவர் தெருக்கோடியில் தனியாக வாழ்கிறார். அவரிடம் சென்று அமர்ந்து, அவ்விருவரின் சிறு வயதுக் கதைகளைக் கேட்டேன். அடுத்த வாரமும் சென்றேன். சென்ற மாதம் அந்த அத்தைக்குக் காய்ச்சல் கண்டபோது, அண்ணன் வீட்டிலிருந்து கஞ்சி போயிற்று. தம்பியின் மகள் இரவில் துணைக்குப் படுத்தாள். காலையில் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவி, பெரியப்பா வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவளும் அவளே.

ஒரு சிராய் பெயர்ந்திருக்கிறது. நடுவை நான் இன்னும் தொடவில்லை.